பெரட்டில் நலம் கேட்ட துரை

நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. ஆட்டுக்கிடையும் புகையிலையும் அடுப்புப் புகையும் ஒன்றாய்க் குழைந்த வாடை அது. விடிந்தும் விடியாத நேரத்தில், பனி மண்ணை விட்டு எழும்பாதபோதே, எங்கள் தோட்டத்து ஆண்கள் தலையில் கம்பளியை முக்காடுபோலக் கொங்காணி போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நிற்பார்கள். அந்த வாடை களத்தைத் தாண்டி பிள்ளைக்காம்பரா வாசல் வரைக்கும் வந்துவிடும். வேலைக்குப் போகும் தாய்மாரின் கைப்பிள்ளைகளை ஆயா வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறைக்குத்தான் 'புள்ளக்காம்பரா' என்று பெயர். அம்மா கொழுந்தெடுக்கப் போகிறவள் என்பதால் தங்கச்சியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் அங்கே விட்டு வருவது என் வேலை. விட்டதும் திரும்பிவிட மாட்டேன். வாசற்படியில் குந்தி, யார் எந்த மலைக்கு, யாருக்கு என்ன வேலை என்று ஆள் பிரிக்கிற அந்தக் காலைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைத்தான் 'பெரட்டு' என்போம். எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ இருக்கும். வரிசை வீடுகளாய்க் கட்டிய எங்கள் லயத்தில் யாரும் வயதை எழுதி வைக்கவில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, பஸ் வந்து திரும்புகிற இடத்திலிருந்தும் இன்னும் மலை ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. புதியவர் வரும்வரைக்கும் அங்கே இருந்த சின்னதுரை, பெரிய துரைக்கு அடுத்தபடியாய்த் தோட்டத்தை நடத்துகிறவர், ஒரு முரடர். "எத்தன ஆளு?" என்பது ஒன்றுதான் அவர் எங்கள் பாஷையில் கேட்ட கேள்வி, மற்றதெல்லாம் ஏச்சு. ஏசினால் ஏச்சு, அதோடு முடிந்தது, பிறகு மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் மாற்றலாகிப் போனபோது எல்லாரும் அப்பாடா என்றார்கள், அங்காயி அத்தை மட்டும் சொல்லவில்லை.

அங்காயி அத்தை அப்பாவுக்கு மூத்தது. அடுத்த காம்பராவில் குடியிருந்தது. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆனால் அந்த லயத்தில் அதன் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. "கொலைக்கிற நாய் எங்க நிக்கிதுன்னு இருட்டுலயும் தெரியும். வாயத் தொறக்காத நாய்தான் காலுக்கு அடியில வந்து நிக்கும். வரப்போறவன் எப்புடிப்பட்டவன்னு யாரு கண்டா?" என்றது.

வந்தவர் வாயைத் திறந்தார். அதுதான் வினை.

புதிய சின்னதுரை இளவட்டம். சீமையிலிருந்து கப்பலில் இறங்கி நேராக எங்கள் மலைக்கு வந்தவர்போல இருந்தார். மூக்கு நுனி வெயிலில் உரிந்து, கழுத்து ஒல்லியாய், பேசும்போது தொண்டைக்குழி ஏறி இறங்கும். முதல் நாள் பெரட்டில் அவர் கணக்கப்பிள்ளையிடம் ஆள் எண்ணிக்கை கேட்கவில்லை. வரிசையின் முதல் ஆளின் முன்னால் போய் நின்று, தொப்பியைத் தொட்டு, சிரித்த முகமாய், "குட் மார்னிங். ஹவ் ஆர் யூ?" என்றார். அந்த ஆள் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ துரைமார் தனக்குப் பின்னால் நிற்கிறாரோ என்று.

பக்கத்தில் நின்ற கண்டாக்கு ஐயா, மலைகளில் வேலை நடக்கிற விதத்தை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், இங்கிலீஷ் தெரிந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "தொரை கேக்குறாரு, நீ எப்புடி இருக்கேன்னு."

எங்கள் பாட்டன்மார் காட்டை வெட்டித் தேயிலை வைத்த நாளிலிருந்து அன்றைக்கு வரைக்கும், மேலே இருக்கிற ஒருவர் கீழே இருக்கிற ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரு பதில்தான் தெரியும். நன்றாக இருக்கிறேன் என்று நான்கு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும், பெருமை பேசியதாகவும் ஆகும். ராஜா வீட்டுக் கல்யாணத்திலும்கூட, எப்படி இருக்கிறாய் என்றால், ஏதோ இருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. அந்த ஆளும் மரியாதைக்காரர். கம்பளியைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, "ஏதோ இருக்கேங்க தொரே, ஒங்க புண்ணியத்துல" என்றார்.

கண்டாக்கு ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். என்ன சொன்னார் என்று பின்னாளில் அவரே அப்பாவிடம் சொன்னாராம்: "நான் ஒண்ணும் கூட்டிக் கொறைக்கல கருப்பண்ணே. 'என்னமோ உசிரோட இருக்கான்'னு உள்ளத உள்ளபடி சொன்னேன்." துரையின் முகம் வாடிவிட்டது. அந்த ஆளின் தோளைத் தொட்டார். இவரை டிஸ்பென்சரிக்கு அனுப்புங்கள் என்று கையைக் காட்டினார். அடுத்த ஆளும் ஏதோ இருக்கிறேன் என்றார், அவரையும் அனுப்பினார். மூன்றாவது ஆள் இன்னும் அடக்கமானவர், "காலந் தள்ளிக்கிட்டு இருக்கேங்க" என்றார். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போகச் சொன்னார். மூவரும் சிவப்புத் தண்ணி மருந்தைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மலையில் வேலை பாதி ஓடியிருந்தது. அவர்களுக்கு அன்று அரைப் பேர்தான், பாதி நாள் கூலிதான், போட்டார்கள். துரைக்கு அது தெரிந்ததோ என்னவோ. கேட்டவன் கெட்டான் என்கிறமாதிரி இல்லாமல், கேட்கப்பட்டவன் கெட்டான்.

அன்று சாயங்காலம் பீலிக்கரையில், மலையிலிருந்து தகரக் குழாயில் தண்ணீர் விழுகிற இடத்தில், குடம் நிறைந்து வழிவதைக்கூடப் பார்க்காமல் பெண்கள் கூடி நின்றார்கள். அத்தைதான் பேசியது.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். எதுக்கு அழுதுச்சு? ஆட்டு மேல பாசமா?"

"நல்ல மனுசனாத் தெரியிறாருக்கா, சிரிச்சுக்கிட்டுல்ல கேக்குறாரு" என்றாள் ஒருத்தி.

"சிரிக்கிறான்ல? அதான் சொல்றேன். அந்தப் பக்கத்துத் தோட்டத்துல என்ன நடந்துச்சு? மொதல்ல வந்து, ஒனக்கு இருமல் இருக்கா, ஒனக்குக் கால் வலிக்கிதான்னு தேனா ஒழுகுனானுங்க. பொறவு இருக்குன்னு சொன்னவனுக்கெல்லாம் பத்துச்சீட்டு. ஆள் கழிக்கிறானுங்கடி. நோயாளி யாரு, நோஞ்சான் யாருன்னு நம்ம வாயாலயே புடுங்குறானுங்க."

'பத்துச்சீட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்துக்கொண்டிருந்தவளும் சிரிப்பை நிறுத்தினாள். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தால் உனக்கு இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை என்று அர்த்தம். வேலை இல்லையென்றால் காம்பரா இல்லை. ஆம்பிளைக்குச் சீட்டுக் கொடுத்தால் பொம்பிளைக்கும் சேர்த்துத்தான். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? எங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை என்று ஆகிப்போயிருந்த காலம் அது. பாட்டன்மார் விட்டு வந்த, நாங்கள் பார்த்தே இராத ஊருக்கு எங்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று மாதத்துக்கு ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போவார். அப்படி இருக்கும்போது, ஒருவன் வந்து நலமா என்று கேட்டால், எதற்குக் கேட்கிறான் என்று தோன்றாதவள் பைத்தியக்காரி.

அம்மா ஒன்றும் பேசாமல் குடத்தைத் தூக்கினாள். அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்குத்தான் இருமல் இருந்தது.

அப்பா கவ்வாத்துக்காரர். வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுகிற வேலை. வளைந்த கத்தியை நாள் முழுக்க வீச வேண்டும், ஒரே வெட்டில் கிளை பிளவுபடாமல் விழ வேண்டும். அதற்கு நெஞ்சில் மூச்சு வேண்டும். அப்பாவின் மூச்சு இரண்டு மழைக்காலமாகச் சரியில்லை. ராத்திரியில் அவர் இருமும்போது அம்மா எழுந்து முதுகைத் தடவுவாள், சத்தம் சுவர் தாண்டிப் போகாமல் இருக்கத் தலையணையைக் கொடுப்பாள். எங்கள் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டுத் தும்மலுக்குக் கடைசி வீட்டில் 'நூறு' சொல்வார்கள்.

அத்தை ஒரு முடிவு சொன்னது. நாளையிலிருந்து யாரும் ஏதோ இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது. கேட்டதும், நெஞ்சை நிமிர்த்தி, 'நல்லா இருக்கேங்க தொரே' என்று களம் அதிரச் சொல்ல வேண்டும். காது கேளாத ஒரு பெரியவருக்கு, முன்னால் நிற்கிற ஆள் வாயைத் திறந்தால் நீயும் திற என்று சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாள் பெரட்டில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல, ஒவ்வொருவராய் நல்லா இருக்கேங்க, நல்லா இருக்கேங்க என்று கத்தினார்கள். துரைக்கு ஒரே சந்தோஷம். ஒரே நாளில் தோட்டமே சுகமாகிவிட்டதே.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இம்புட்டுப் பேரு முன்னால நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு கத்துறீங்களே மதினி, நல்லா இருக்குற ஒடம்புக்கே கண்ணு பட்டுப்போகும். இவுக ஒடம்புக்குத் தாங்குமா?" என்று அத்தையிடம் கேட்டாள். சீட்டுக்குப் பயந்து அம்மாவும் அப்பாவைப் பொய் சொல்லச் சொன்னாள். பொய்க்குக் கண் படும் என்றும் பயந்தாள். அதனால் தினமும் சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எங்கள் வீட்டில் மட்டுமா? லயம் முழுக்கச் சுற்றினார்கள். அந்தி மசங்கும் நேரம் ஆனால் லயமே தும்மியது. மிளகாய் எரிந்து நெடி ஏறாவிட்டால்தான் கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. நெடி ஏறியதும் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். அம்மா நிம்மதியாய், "நெடி வந்துருச்சு, கண்ணு ஒண்ணும் படல" என்பாள்.

"ஏ புள்ள, கண்ணுலேருந்து காப்பாத்துறேன்னு என்னக் கொன்னுறாத" என்பார் அப்பா, இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.

நாளாக நாளாக இன்னொன்று கவனித்தோம். துரை இப்போதெல்லாம் பதிலுக்கு நிற்பதில்லை. முதல் நாட்களில் நின்று, கண்டாக்கு சொல்வதைக் கேட்டு, தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தவர், பிறகு நடந்துகொண்டே ஹவ் ஆர் யூ, ஹவ் ஆர் யூ என்று சொல்லிக்கொண்டு போனார். நல்லா இருக்கேங்க என்று இவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளைத் தாண்டியிருப்பார். இதை நான் படியில் உட்கார்ந்து பார்த்து அத்தையிடம் சொன்னேன். எங்கள் அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது.

"கேக்குறவன் பதில கேக்காமப் போறான்னா என்னா அர்த்தம் குட்டி?"

தெரியாது என்றேன்.

"பதிலு அவனுக்கு முன்கூட்டியே தெரியும்னு அர்த்தம். எவனோ சொல்லிக் குடுக்குறான்."

அதற்குப் பிறகு அந்த லயத்தில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. கண்டாக்குதான் சொல்கிறார் என்றார்கள். இல்லை, டிஸ்பென்சரி ஐயாதான் என்றார்கள். பங்களாவுக்குப் பால் கொண்டுபோகிறவன் முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றது. பிள்ளைக்காம்பரா ஆயா, "ஒங்க அப்பாவுக்கு எப்புடிம்மா இருக்கு?" என்று என்னிடம் கேட்டபோது, நான், "எங்கப்பாவுக்கு என்னா? கல்லு மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆனி மாதத்து மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை விழுகிற மழையல்ல, நிற்கிற மழை; கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே நிற்கும். அப்பாவுக்கு அன்று உடம்பு அனலாய்க் கொதித்தது. போக வேண்டாம் என்று அம்மா கம்பளியைப் பிடித்து இழுத்தாள். "படுத்தேன்னு தெரிஞ்சா எதுக்குப் படுத்தேன்னு வந்து பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு இஞ்சியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு போனார். இருமல் வராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. துரை வந்தார். ஹவ் ஆர் யூ என்றார். அப்பா, "நல்லா இருக்கேங்க தொரே" என்றார். சாதாரண நாளைவிடச் சத்தமாகவே சொன்னார். துரை தொப்பியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நடந்து போய்விட்டார்.

மத்தியானத்துக்கு முன்னால் அப்பாவைக் கம்பளியில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கவ்வாத்து மலையில், கத்தியை ஓங்கினவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். கத்தி தள்ளி விழுந்தது, மாரியம்மன் காப்பாற்றினாள். டிஸ்பென்சரி ஐயா வந்து நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு, லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். லொறிக்குக் காத்திருந்தபோதுதான் துரையே லயத்துக்கு வந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் காம்பரா வாசலில் குனிந்து உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் ஏதோ சொன்னார். குரல் கோபமா துக்கமா என்று தெரியவில்லை. கண்டாக்கு ஐயா திருப்பிச் சொன்னார்:

"தொரை சொல்றாரு, நாந்தான் தெனமும் கேட்டேனே. இன்னக்கிக் காலையிலயும் கேட்டேனே. நல்லா இருக்கேன்னுதானே நீ சொன்னேன்னு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை குனியவில்லை. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"கேட்டீங்க தொரே. நின்னீங்களா?"

கண்டாக்கு ஐயா அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. வெற்றிலைச் சாற்றை விழுங்குவதுபோல விழுங்கினார். துரை அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடியும் அவரைப் பார்த்து ஏதோ அழுத்திக் கேட்டார். வேறு வழியில்லாமல் கண்டாக்கு இரண்டே சொல்லில் சொன்னார். துரைக்குக் காது மடல் சிவந்தது. மழையில் இறங்கிப் போனார். அத்தைக்குச் சீட்டு நிச்சயம் என்று அன்று லயமே முடிவு கட்டியது. அத்தையும் தன் அரிசி மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டுதான் தூங்கியது.

சீட்டு வரவில்லை. நடந்தது வேறு. அடுத்த நாளிலிருந்து துரை நிற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆள் முன்னாலும் நின்று, ஹவ் ஆர் யூ என்று கேட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நடந்துகொண்டே கேட்டபோது வந்த பயத்தைவிட இது பெரிய பயமாகிவிட்டது. நடந்து போகிறவனிடம் பொய் சொல்வது சுலபம். கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம்? பலசாலிகளுக்கே நாக்குத் தடுமாறியது.

"நின்னுட்டானே மதினி, இப்ப என்னா செய்யிறது?" என்று அம்மா கேட்டாள்.

"நிக்க மாட்டான்னு நெனச்சுல்ல சொன்னேன்" என்றது அத்தை.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்பாய் வந்தார். சில நாள் படுத்திருந்துவிட்டு, ஒரு காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போனார். என்ன சொல்வது என்று முந்திய நாளெல்லாம் வீட்டில் சண்டை. நல்லா இருக்கேன் என்றால் கவ்வாத்து மலைக்கு அனுப்புவார்கள், மறுபடி விழுந்தால் எழும்ப மாட்டார். நல்லா இல்லை என்றால் சீட்டு, குடும்பத்தோடு சீட்டு. "வாயத் தொறக்காத தம்பி. கும்புடு போட்டுட்டு நில்லு. எதையாச்சும் அவனே நெனச்சுக்கட்டும்" என்றது அத்தை. நான் தங்கச்சியைப் பிள்ளைக்காம்பராவில் விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

துரை அப்பாவின் முன்னால் வந்தார். கேட்டார். நின்றார். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. அப்பா கும்பிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நெஞ்சு சரியில்லங்க தொரே. மூச்சு வாங்குது. இனிமே கவ்வாத்துக்கு ஏலாதுங்க."

கண்டாக்கு ஐயா சொல்லி முடிக்கும்வரை துரை அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீளமாய் ஏதோ சொன்னார். கண்டாக்கு எங்கள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து பங்களாவுக்கு வா. பூத்தோட்டத்துல வேல. பாரம் தூக்க வேணாம்" என்றார்.

சீட்டு இல்லை. அம்மா அன்றைக்குக் கொழுந்துக் கூடைக்குள் முகத்தை வைத்து அழுதாள். அத்தை மட்டும் நம்பவில்லை. "கண்ணு முன்னால வச்சுக்கப் பாக்குறான். பாத்துப் பேசு தம்பி" என்றது.

பங்களாத் தோட்டத்தில் ரோஜாவுக்கு மண் அணைத்துக்கொண்டே அப்பா பார்த்ததெல்லாம் ராத்திரிச் சோற்றோடு எங்களுக்கு வரும். வருகிற துரைமார் துரைசாணிமார் எல்லாரும் ஒருவரை ஒருவர் அதையே கேட்டுக்கொள்வார்களாம். கேட்கிறவர் பதிலுக்கு நிற்பதில்லையாம், சொல்கிறவர் முழுசாய்ச் சொல்வதுமில்லையாம். ஒருநாள் வேறு தோட்டத்துத் துரை ஒருவர், காலில் கட்டுப்போட்டு, இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தாராம். எங்கள் துரை ஹவ் ஆர் யூ என்றாராம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஃபைன், ஃபைன் என்றாராம். ஃபைன் என்றால் நன்றாயிருக்கிறேன் என்று பங்களாவில் சமைக்கிற அப்புவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அப்பா, வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"காலு ஒடஞ்சு தொங்குது புள்ள. நல்லா இருக்கேன்ங்குறான். நம்மள மாதிரியே பொய்தான் சொல்றானுங்க. அவுங்க ஊரு மரியாதையே அப்புடித்தானாம்."

அத்தை சிரிக்கவில்லை. "அப்ப அவனுக்கும் மேல எவனோ சீட்டு வச்சிக்கிட்டு இருக்கான்" என்றது.

அந்தச் சின்னதுரை அதிக காலம் இருக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் இந்த நாட்டுக்காரர்தான். யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பூத்தோட்டத்துக்கு இத்தனை ஆள் எதற்கு, எல்லாரையும் மலைக்கு அனுப்பு என்றார். அப்பாவுக்கு முடியாது என்று கணக்கப்பிள்ளை சொன்னபோது, யார் சொன்னது என்று கேட்டாராம். அவனே பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னான் என்றாராம் கண்டாக்கு. அவரும் பொய் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பத்துச்சீட்டு வந்தது.

"கேட்டவன் கப்பலேறிட்டான். சொன்ன சொல்லு இங்கயே கெடக்குது பாத்தியா" என்றது அத்தை. அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்பா சொன்னார்: "நடந்து போறவங்கிட்ட என்னா வேணும்னாலும் சொல்லலாங்க்கா. நின்ன மனுசங்கிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

அம்மாவின் பெயரையும் வெட்டினார்கள். அவள் மறுநாளும் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டில் போய் நின்றாள். பெயர் கூப்பிடவில்லை. எல்லாரும் மலை ஏறத் திரும்பியபோது அங்காயி அத்தை கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலே உட்கார்ந்தது. "எனக்கு ஒடம்பு நல்லா இருக்குங்க ஐயா. எந்திரிக்கத்தான் மனசில்ல" என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னது. ஒவ்வொருத்தியாய் உட்கார்ந்தார்கள். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது; எடுக்க ஆளில்லை. அட்டனிலிருந்து தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து பேசினார்கள். கடைசியில் அம்மாவின் பெயரும் எங்கள் காம்பராவும் தப்பின. அப்பாவின் பெயர் தப்பவில்லை. அவர் சில வருஷம் வீட்டிலிருந்து, சோறாக்கி, எங்களை வளர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்தத் தோட்டத்தில் பெரட்டுக் களம் இல்லை. ஆட்டோக்கள் நிறுத்துகிறார்கள். கம்பளி போட்ட ஆளை நான் கண்டு எத்தனையோ காலம். துரை என்று யாரும் சொல்வதில்லை, மனேஜர் என்கிறார்கள். ஏதோ இருக்கிறேன் என்கிற பதிலும் போய்விட்டது. ரோட்டில் போகிற பிள்ளைகள் காதில் போனை வைத்துக்கொண்டு, நல்லா இருக்கேன், சூப்பரா இருக்கேன் என்கிறார்கள், ஒருத்தியும் சாயங்காலம் மிளகாய் சுற்றுவதில்லை. நான் இடுப்பில் தூக்கித் திரிந்த தங்கச்சியின் மகள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். வாசலில் நின்று வருகிற வெள்ளைக்காரர்களை எல்லாம் ஹவ் ஆர் யூ என்று கேட்பதே அவள் உத்தியோகம். போன தைப்பொங்கலுக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கிறாள்.

"ஐயோ பெரியம்மா, அது சும்மா கேக்குறது. 'வாங்க'ன்னு சொல்ற மாதிரி. யாரும் அதுக்குப் பதிலெல்லாம் எதிர்பாக்க மாட்டாங்க."

இருக்கலாம். அவள் படித்தவள், நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். ஆனால் அந்தத் துரை நின்றாரே, அது எதற்கு? நல்ல மனம் வந்து நின்றாரா, அத்தை கேட்டதற்கு வெட்கப்பட்டு நின்றாரா, அல்லது அத்தை கடைசிவரை சொன்னதுபோல ஆள் கழிக்கத்தான் நின்றாரா? இத்தனை வயதாகியும் எனக்குப் பிடிபடவில்லை, யார் என்ன சொன்னாலும் முழுதாய் நம்பவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மலையில் அந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் எத்தனையோ காலை கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி பதில் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் அப்பா.